தரையோடு தரையாக ஓர் ஆண்டு

மதுரையில் என் வீட்டு மாடியில் இருந்த ஸ்டூடியோ அறையைச் சென்ற ஆண்டு மார்கழிக் கடைசியில் பூட்டிவிட்டேன். வளர்ப்பு விலங்குகளைப் படமெடுப்பதே என் தொழில். வெள்ளைத் திரை, இரண்டு பெரிய ஃபிளாஷ் விளக்குகள், கால் வழுக்காத பாய், பிஸ்கட் டப்பா என்று எல்லாம் ஒழுங்காகவே இருந்த அறை அது. பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து தரம் பிரித்துக்கொண்டிருந்த ஓர் இரவில்தான், அதுவரை நான் கவனிக்கத் தவறிய ஒன்று கண்ணில் பட்டது. வீட்டார் மிகவும் விரும்பி வாங்கிப்போன படங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் நாய் நிம்மதியாக இல்லை. காதுகள் பின்னால் மடிந்திருந்தன, நாக்கு மூக்கை நக்கிக்கொண்டிருந்தது, முகம் ஒரு பக்கமும் பார்வை வேறு பக்கமுமாகத் திரும்பியதில் விழியின் வெள்ளை பிறைபோலத் தெரிந்தது. ஒரு படத்தில் பீகிள் குட்டி ஒன்று வாய் நிறையக் கொட்டாவி விட்டிருந்தது. அந்த வீட்டார் அதைச் சிரிப்பென்று எண்ணி, பெரிதாக அச்சிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். தூக்கமே இல்லாத நேரத்தில் நாய் விடும் கொட்டாவி பெரும்பாலும் பதற்றத்தின் அடையாளம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஷட்டரை அழுத்தியிருக்கிறேன்.

ஆகவே இந்த ஆண்டு முழுவதும் விலங்கை என் அறைக்கு வரவழைக்காமல், விலங்கு இருக்கும் இடத்துக்கு நான் போவது என்று முடிவு செய்தேன். கூடவே சில கட்டுப்பாடுகளையும் வகுத்துக்கொண்டேன். ஃபிளாஷ் வேண்டாம். விலங்கின் கண் இருக்கும் உயரத்துக்கு என் கேமரா இறங்க வேண்டும், அதற்காகச் சேற்றில் படுக்க நேர்ந்தாலும் சரி. திறந்த வெளியில் நாயின் கயிறு கழற்றப்படாது, படத்தில் கயிறு தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் அதைப் பிறகு கணினியில் அழித்துக்கொள்ளலாம். விலங்கு போதும் என்று காட்டினால் அன்றைய வேலை அதோடு முடிந்தது. இந்தக் கடைசிக் கட்டுப்பாட்டால் சில நாட்கள் ஒரு படமும் இல்லாமல் திரும்பியிருக்கிறேன், அதற்காக வருந்தவில்லை.

முதல் பயணம் தை மாதத்தில் சிவகங்கைச் சீமைக்கு. மாட்டுப் பொங்கலன்று கண்மாயில் குளிப்பாட்டி, கொம்பில் வண்ணம் பூசி, கழுத்தில் மாலையும் சலங்கையும் கட்டி நிறுத்திய புலிக்குளம் காளை ஒன்றை எடுத்துத் தரும்படி ஒரு குடும்பத்தார் கேட்டிருந்தார்கள். படங்கள் நன்றாகவே வந்தன. ஆனால் அன்று அந்த வீட்டுப் பெரியவர் சொன்ன ஒரு வார்த்தை என்னை மாசி மாதத்தில் மறுபடியும் அங்கே இழுத்துப் போனது. "காளைய எல்லாரும் எடுக்குறாக தம்பி. அதப் பெத்த மாடு கிடையில கெடக்கு. அத எடுக்க ஒருத்தரும் வரல" என்றார்.

புலிக்குளம் மாடுகள் தொழுவத்தில் கட்டிப்போட்டு வளர்ப்பவை அல்ல. மந்தையாகவே நடந்து மேய்ந்து, அறுவடை முடிந்த வயல்களில் இரவு அடைக்கப்படும் மாடுகள். இதைத்தான் கிடை போடுதல் என்கிறார்கள். இரவு முழுவதும் விழும் சாணமும் கோமியமும் அந்த வயலுக்கு எரு, அதற்குப் பதிலாக வயல்காரர் மேய்ப்பவருக்கு நெல்லோ பணமோ கொடுப்பார். வாடிவாசலில் ஒரு நிமிடம் நாம் பார்க்கும் காளையின் வேகமும் வைராக்கியமும், ஆண்டு முழுவதும் வெயிலிலும் பனியிலும் நடந்து பழகிய இந்தத் தாய்மாடுகளிடமிருந்து வந்தவை என்று அந்தப் பெரியவர் நம்புகிறார், எனக்கும் அந்த நம்பிக்கை வந்துவிட்டது.

கிடையில் ஓர் இரவு தங்கினேன். நடுச்சாமத்தில் மேய்ப்பவர் எழுந்து டார்ச் விளக்கை மந்தையின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினார். அந்த வெளிச்சம் போன திசையெல்லாம் பச்சையும் நீலமுமாகக் கண்கள் ஏற்றிவைத்த விளக்குகள் போல எரிந்து அணைந்தன. மாடு, நாய், பூனை, குதிரை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியை மறுபடியும் கண்ணுக்குள்ளேயே திருப்பிவிடும் ஒரு படலம் உண்டு, குறைந்த ஒளியில் அவை நம்மைவிட நன்றாகப் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் கண் பேய்க்கண்ணாகத் தெரிவதும் அதனால்தான். ஸ்டூடியோவில் எத்தனையோ முறை நான் கணினியில் திருத்தி மறைத்த அந்த ஒளியை வைத்தே அந்த மனிதர் தம் மந்தையை எண்ணிக்கொண்டிருந்தார். விடியும்போது புழுதியும் மூச்சுக்காற்றும் கலந்து எழும்பிய வெளிச்சத்தில், கன்றை நக்கிக்கொண்டிருந்த ஒரு சாம்பல்நிறப் பசுவை எடுத்தேன். பொங்கல் படங்களை வாங்கிய குடும்பத்தார் இந்தப் படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

பங்குனியில் கரிசல் காட்டுக்குப் போனேன். விருதுநகர் மாவட்டத்தில் உள்ள சிப்பிப்பாறை என்ற ஊரின் பெயரைத் தாங்கிய நாயினத்தை, அந்த ஊருக்குப் பக்கத்துக் காட்டிலேயே ஓடவிட்டு எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒடுங்கிய முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள் கொண்ட இந்த நாய்கள் மோப்பத்தைவிடப் பார்வையை நம்பித் துரத்துபவை. முற்காலத்தில் முயல் வேட்டைக்கு வளர்த்தார்கள். இப்போது வேட்டை சட்டப்படி குற்றம், காட்டுக் காவலுக்கும் பெருமைக்கும் வளர்க்கிறார்கள். நான் தேடிப் போன பெட்டையின் பெயர் சிட்டு. அவளை வளர்ப்பவர் அறுபதைத் தாண்டிய சம்சாரி (விவசாயி).

படமெடுக்கும் முன் அவர் செய்ததைச் சொல்ல வேண்டும். நாய் ஓடவேண்டிய இருநூறு அடி நிலத்தை வெறுங்காலோடு அவர் இரண்டு முறை நடந்து பார்த்தார். கரிசல் மண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பில் முன்னங்கால் சிக்கினால் இந்த இனத்தின் மெல்லிய எலும்பு முறிந்துவிடும். அதைவிட மோசமானது மக்காச்சோளம் அறுத்த பிறகு தரையில் துருத்தி நிற்கும் தட்டையின் அடிக்கட்டை, அது ஆணி போலப் பாதத்தைக் கிழிக்கும். வெடிப்பு இருந்த இடங்களில் மண்ணைத் தள்ளி மிதித்து மூடினார், கட்டைகளைப் பிடுங்கி வரப்பில் எறிந்தார். ஒரு மணி நேரம் இதற்கே ஆயிற்று. வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறதே என்று என் மனம் அடித்துக்கொண்டது உண்மை. ஆனால் அவர் செய்தது என் வேலையின் முதல் பாதி என்பதும், அதுவரை அந்தப் பாதியை நான் செய்ததே இல்லை என்பதும் அங்கே நின்றபோது புரிந்தது. கயிற்றைக் கழற்றக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு நான் விலக்களித்த ஒரே இடமும் இதுதான். நாற்புறமும் அவருடைய நிலம், சாலை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இல்லை, அவருடைய பேத்தி மறுமுனையில் நின்று கூப்பிட்டால் சிட்டு வேறெங்கும் போகமாட்டாள்.

ஓடும் விலங்கைப் படமெடுப்பதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. 1878ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓட்டப் பாதை நெடுகக் கேமராக்களை வரிசையாக நிறுத்தி, பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழுகின்றன என்று காட்டினார். ஓவியர்கள் காலங்காலமாக வரைந்தது போல முன்னங்காலும் பின்னங்காலும் நீட்டிய நிலையில் அது நிகழவில்லை, கால்கள் வயிற்றுக்கடியில் குவிந்திருக்கும் கணத்தில்தான் நிகழ்ந்தது. சிட்டுவைப் போன்ற ஓட்ட நாய்கள் குதிரையையும் ஒரு படி தாண்டியவை. கால்கள் குவியும்போது ஒரு முறை, முழுவதும் நீளும்போது மற்றொரு முறை என்று ஒரே பாய்ச்சலில் இரண்டு தடவை அவை காற்றில் இருக்கும். நீட்டிய கணத்தில் முதுகு வில்லாகத் தளர்ந்து நிமிரும், குவிந்த கணத்தில் முதுகு மேலே வளைந்து எழும். இந்த இரண்டு கணங்களையும் ஒரே ஓட்டத்தில் பிடிப்பதுதான் நான் எனக்கே வைத்துக்கொண்ட சோதனை.

ஷட்டர் வேகம் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நொடி போதுமென்று தொடங்கி, பாதங்கள் கலங்கித் தெரிந்ததால் 1/3200க்கு ஏற்றினேன். விலங்கின் கண்ணைத் தானாகக் கண்டுபிடித்துத் தொடரும் வசதி இப்போதைய கேமராக்களில் இருக்கிறது, அது பெரிய உதவிதான். ஆனால் புழுதிக்குள் நேராக நம்மை நோக்கி வரும் மெல்லிய முகத்தில் அது சில நேரம் கண்ணை விட்டுவிட்டுக் காதைப் பிடித்துக்கொள்கிறது. மண்ணில் மார்பு பதியப் படுத்துக்கொண்டு, முழங்கை இரண்டையும் ஊன்றி, லென்ஸைத் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் வைத்திருந்தேன். சிட்டு வரும்போது முதலில் கண்ணுக்குத் தெரியவில்லை, மார்புக்கடியில் மண் அதிர்வதுதான் தெரிந்தது. மூன்று ஓட்டம்தான். மூன்றாவது முடிந்ததும் அவள் நாக்கு அகன்று தொங்குவதைப் பார்த்துப் பெரியவர் "போதும்" என்றார், நானும் எழுந்துவிட்டேன். இரண்டாவது ஓட்டத்தில் இரண்டு கணங்களும் கிடைத்திருந்தன. குவிந்த படத்தில் பின்னங்கால் பாதங்கள் முன்னங்கால்களைத் தாண்டி, அவளுடைய காதுக்கு நேராக வந்து நிற்கின்றன. அதைப் பார்த்த பேத்தி, "சிட்டு முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கா தாத்தா" என்றாள்.

இனி, என் தவற்றால் நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மே மாதத் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 25 நாள் நீடிக்கும் கத்திரி வெயிலில் ஒரு பக் நாயை வைகைக் கரைத் தென்னந்தோப்பில் எடுப்பதாக ஒப்புக்கொண்டேன். காலை ஆறு மணிக்கு வர வேண்டியவர்கள் எட்டரைக்குத்தான் வந்தார்கள். அன்றைக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நிழல்தானே, அரை மணி நேரம்தானே என்று தொடங்கிவிட்டேன். நாய்க்கு நம்மைப்போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை, பாதங்களில் சிறிது வியர்க்கும், அவ்வளவுதான். மூச்சிரைப்பதன் மூலமே அது தன் உடலைக் குளிர்வித்துக்கொள்கிறது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு போகும் வழியே குறுகல் என்பதால், இரைத்தும் சூடு இறங்காது. பதினைந்தாவது நிமிடத்தில் அதன் மூச்சுச் சத்தம் மாறியது. நாக்கு இளஞ்சிவப்பிலிருந்து கரும்ஊதாவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கேமராவைக் கீழே போட்டுவிட்டுத் தோப்பின் மோட்டார் தண்ணீரில் அதன் உடலை நனைத்து, என் சட்டையைக் கழற்றி விசிறி, நனைந்தபடியே காரில் ஏற்றிக் குளிர்சாதனத்தை முழுவதும் திருப்பி, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். முதலில் குளிர்வித்துவிட்டுப் பிறகு கொண்டுவந்ததால்தான் பிழைத்தது என்றார் அவர். அது பிழைத்தது, இன்றும் நலமாக இருக்கிறது. ஆனால் அந்த நாக்கின் நிறம் என் கண்ணை விட்டு நீங்கவில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை ஏழரைக்குப் பிறகு எந்த நாயையும் நான் எடுப்பதில்லை, சப்பை மூக்கு நாய்களை அந்த மாதங்களில் வெளியே எடுப்பதே இல்லை. தார்ச்சாலையில் புறங்கையை ஏழு நொடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அங்கே பட வேண்டாம் என்று வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதனால் கோடையில் வருமானம் பாதியாகக் குறைந்தது, அது குறையட்டும்.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போனேன். குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் பேர்பெற்ற சந்தை அது. இரு காதுகளின் நுனியும் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளை அவ்வளவு நெருக்கத்தில் அங்கேதான் பார்த்தேன். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால் மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குப் பார்வை இல்லை. படமெடுப்பவர்கள் ஆர்வத்தில் போய் நிற்பதோ பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான். தோள்பட்டைக்கு நேராகப் பேசிக்கொண்டே போய் நின்று, தூரத்திலிருந்து நீண்ட லென்ஸால் எடுத்தால் குதிரையும் அமைதியாக இருக்கும், முகமும் மூக்குப் பெருத்து விகாரமாகத் தெரியாது. கூட்டமும் ஒலிபெருக்கியும் மிகுந்த இடம் ஆதலால் அரை நாளுக்கு மேல் அங்கே இருக்க எனக்கே மனம் வரவில்லை.

புரட்டாசியில் கொடைக்கானல். சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் தங்கள் கோல்டன் ரெட்ரீவருடன் ரயிலில் கொடைரோடு வந்து இறங்கினார்கள். முதல் வகுப்பு ஏசியில் கதவு மூடிய தனி அறை கிடைத்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ள முடியும், இல்லையென்றால் அது கார்டு பெட்டியில் தனியாக வர வேண்டும் என்பதால் தேதி அமைவதற்கே இரண்டு மாதமாயிற்று. அவர்கள் காட்டுக்குள் போய் எடுக்க விரும்பினார்கள். நான் மறுத்துவிட்டேன். கொடைக்கானல் மலைக்காடுகளின் பெரும்பகுதி 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம், அங்கே வளர்ப்பு நாய்க்கு இடமில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், 2018இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோது, அவற்றில் பலவற்றிடம் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயின் வைரஸ் கண்டறியப்பட்டது. தடுப்பூசி போட்ட நாய்தானே என்று வாதிடலாம். ஒரு மரத்தடி மூத்திரத்தில் தொடங்கி எது எங்கே போய்ச் சேரும் என்பதை நம்மால் கணிக்க முடியாது என்பதால் நான் இசையவில்லை. தங்கியிருந்த தோட்ட வீட்டின் பேரிக்காய் மரங்களுக்கிடையில், மஞ்சு இறங்கி ஏறும் இடைவெளிகளில் எடுத்தோம். நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் நிறமாகத் தெரியும், சிவப்பு பந்து புல்லோடு புல்லாகக் கலந்துவிடும். நான் கொண்டுபோயிருந்த நீலப் பந்தைக் கண்டதும் அது மஞ்சைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. அன்றிரவு அதன் கால்விரல் இடுக்குகளிலிருந்து அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்ததும் அந்தப் பயணத்தின் ஒரு பகுதி.

ஐப்பசியில் தீபாவளி. தீபாவளிக்கு முந்தைய வாரத்திலிருந்தே நான் வேலை ஒப்புக்கொள்வதில்லை, வெடிச்சத்தத்தில் எந்த நாயும் தானாக இருப்பதில்லை. ஆனாலும் தீபாவளி இரவில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஆவணியில் நான் படமெடுத்த மணி என்ற நாட்டுநாய், சரவெடிக்குப் பயந்து மதில் தாண்டி ஓடிவிட்டிருந்தது. சுவரொட்டி அடிக்கப் படம் வேண்டும் என்றார்கள். நான் அவர்களுக்குக் கொடுத்திருந்த படங்கள் எல்லாம் நல்ல படங்கள்தான். பின்னணி கரைந்து, கண்கள் மட்டும் ஒளிர, மாலை வெயிலில் ரோமம் பொன்னாக மின்னும் படங்கள். தெருவில் ஒரு நாயை அடையாளம் காண அவற்றில் ஒன்றுகூடப் பயன்படவில்லை. மதுரைத் தெருக்களில் செம்பழுப்பு நிற நாட்டுநாய்கள் எத்தனையோ உண்டு. கருத்தடை செய்ததற்கு அடையாளமாக மணியின் காதில் இருந்த வெட்டு, தெருநாய்கள் பலவற்றின் காதிலும் இருக்கும். கடைசியில் நான் ஒதுக்கித் தள்ளியிருந்த படங்களுக்குள் தேடியபோது, மணி கேமராவைப் பாராமல் பக்கவாட்டில் நடந்துபோகும் ஒன்று அகப்பட்டது. அதில் வலது பின்னங்காலின் பாதம் மட்டும் காலுறை போட்டதுபோல வெள்ளையாக இருப்பது தெளிவாகத் தெரிந்தது. அதைத்தான் அச்சிட்டோம். மூன்றாம் நாள் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்த நாயின் வெள்ளைப் பாதத்தைக் கண்டு ஒரு பூக்கார அம்மா தகவல் சொன்னார். அன்றுமுதல் நான் எடுக்கும் ஒவ்வொரு நாய்க்கும் நான்கு வெற்றுப் படங்கள் கூடுதலாக எடுக்கிறேன். இடப்பக்கம், வலப்பக்கம், நேர்முகம், பாதங்கள். அவற்றில் கலை ஒன்றும் கிடையாது, காசும் வாங்குவதில்லை.

இந்த ஆண்டில் என் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்தது ராஜபாளையத்தில் நடந்தது. அதைக் கடைசிக்கென்றே வைத்திருந்தேன்.

2005இல் அஞ்சல் துறை இந்திய நாயினங்களுக்காக வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையம் நாய்க்கு உரியது. பால்வெள்ளை ரோமம், இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். அந்த வெள்ளையே சில குட்டிகளுக்கு வினையாகவும் அமைந்துவிடுகிறது. உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாமற் போனால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் அழிந்துவிடுகின்றன. அத்தகைய செவிட்டுக் குட்டியைக் காவலுக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. ஊரை ஒட்டிய மாந்தோப்பில் வசிக்கும் ஓர் அம்மா, தம் வீட்டு ஈற்றில் பிறந்த அப்படியொரு கடுவன் குட்டியை ஒதுக்காமல் வளர்த்துவந்தார். தாயையும் குட்டியையும் சேர்த்து எடுத்துத்தர ஆனி மாதத்தில் என்னை அழைத்தபோது, குட்டிக்குக் காது கேளாது என்பதை அவர் சொல்லவில்லை.

ஒரு நாயின் பார்வையைக் கேமரா பக்கம் திருப்ப என்னிடம் இருப்பதெல்லாம் சத்தம்தான். நாக்கைச் சொடுக்குவேன், எலிக்குஞ்சு போலக் கீச்சிடுவேன், உறை பிரிக்கும் ஓசை எழுப்புவேன். முதல் முறை தலை சாயும், இரண்டாம் முறை காது நிமிரும், மூன்றாம் முறை பலிக்காது. அன்று கீச்சிட்டதும் தாய்நாய் பாய்ந்து வந்து என் முகத்தை மோந்தது. குட்டி திரும்பவே இல்லை, மாமரத்தடியில் செம்மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. மறுபடி கீச்சிட்டேன், உறையைக் கசக்கினேன். திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா, "அவனுக்கு அதெல்லாம் எட்டாது தம்பி. தரையில தட்டுங்க" என்றார்.

படுத்தபடியே உள்ளங்கையால் மண்ணை ஒரு தட்டுத் தட்டினேன். தோண்டிக்கொண்டிருந்த முன்னங்கால் அப்படியே நின்றது. தலை மெல்ல நிமிர்ந்து திரும்பியது. இளஞ்சிவப்பு மூக்கின் நுனியில் செம்மண் ஒட்டியிருந்தது, ஒரு பாதம் குழிக்குள்ளும் மற்றொன்று அந்தரத்திலும் இருந்தன. அந்தப் பொன்னிறக் கண்கள் என் முகத்தில் எதையும் தேடவில்லை, தட்டிய என் கையைப் பார்த்தன. வெள்ளை நாயை எடுக்கும்போது கேமரா வெளிச்சம் மிகுதி என்று ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும் என்பதால் வெளிச்ச அளவைச் சற்று ஏற்றி வைத்திருந்தேன். காலையின் மென்மையான வெயிலாக இருந்ததால் வெள்ளை எரிந்துபோகாமல் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகப் பதிந்தது. ஒரே ஒரு படம். அதற்குள் குட்டி என் கையிடம் ஓடிவந்து விரலைக் கடிக்கத் தொடங்கிவிட்டது. ஸ்டூடியோவில் ஆண்டுக்கணக்காக நான் எழுப்பிய ஓசைகளுக்கெல்லாம் திரும்பிய முகங்கள் திடுக்கிட்ட முகங்கள் என்பதை அந்த ஒரு படத்தை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் அறிந்தேன்.

பகலில் காலால் தரையை உதைத்தே அவனைக் கூப்பிடுவதாகவும், இரவில் தோப்புக்குள் போய்விட்டால் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றும் அந்த அம்மா சொன்னார். வாசல் விளக்கை இரண்டு முறை அணைத்து ஏற்றிவிட்டு உடனே சோறு வைத்துப் பழக்கப்போவதாகவும் சொன்னார். அது நடக்குமா என்று எனக்கு ஐயம் இருந்தது, சொல்லவில்லை.

இந்த மார்கழியில் மறுபடியும் போனேன். குட்டி என் இடுப்புயரத்துக்கு வளர்ந்துவிட்டான். மேற்கே மலைத்தொடர் நிற்பதால் அங்கே சூரியன் சீக்கிரமே மறைந்துவிடுகிறது. அன்று மழைக்கால மூட்டமும் சேர்ந்துகொள்ள, ஐந்தரை மணிக்கே தோப்புக்குள் இருள் கட்டியது. அவன் தொலைவில், வேலியோரம் எதையோ மோந்துகொண்டிருந்தான். வெள்ளை என்பதால் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தான். வெளிச்சம் போதாது, நாளைக் காலையில் எடுக்கலாம் என்றேன். "விளக்கப் போட்டுக் காட்டட்டுமா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மா எழுந்துபோய்ச் சுவிட்சில் கை வைத்தார். விளக்கு அணைந்து எரிந்தது, மறுபடி அணைந்து எரிந்தது.

வேலியோரத்தில் அந்த வெண்மை நிமிர்ந்தது. பிறகு மரங்களுக்கிடையில் மறைந்தும் தெரிந்தும் நேராக வாசலை நோக்கி வந்தது. நான் பழக்கத்தில் தரையில் படுத்துவிட்டிருந்தேன். அந்த இருட்டில் முப்பதில் ஒரு பங்கு நொடியைவிட வேகமான ஷட்டருக்கு என் லென்ஸால் ஈடுகொடுக்க முடியவில்லை, ஓடும் நாயை அந்த வேகத்தில் பிடிக்கவே முடியாது. படத்தில் கண் இல்லை, கால் இல்லை, ஒரு மாமரத்திலிருந்து அடுத்த மாமரம் வரைக்கும் இழுத்துவிட்ட சுண்ணாம்புக் கோடு போல வெண்மை ஒன்று மட்டும் இருக்கிறது, அதன் முனையில் வாசல் விளக்கின் மஞ்சள் பட்டிருக்கிறது.

ஆனி மாதத்துப் படத்தையும் இதையும் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்து, எது வேண்டுமென்று கேட்டேன். அந்த அம்மா கோடாகத் தெரிவதை எடுத்துக்கொண்டார். வாசலில், சுவிட்சுக்கு மேலே, ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்.